ஸ்டார்ட்டில் வெடித்தது

நோட்டன் பிரிட்ஜில் என் கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவையும் இல்லை. பாலத்தடியில் யாரிடம் கேட்டாலும் "பாஸ் அக்கா கராஜா?" என்று கையைக் காட்டிவிடுவார்கள். எங்கள் பக்கம் மெக்கானிக்கை பாஸ் என்பது வழக்கம். பாஸ் பெண்ணாகப் போனதால் அக்காவையும் சேர்த்துக்கொண்டார்கள். பெற்றீசியா என்று எனக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருப்பது கோயில் புத்தகத்துக்கும் என் புருஷனுக்கும் பந்தயப் படிவத்துக்கும் மட்டும்தான் தெரியும். பதினாறு வருடம் பாஸ் அக்காவாக இருந்தவளை, போன வருடம் இரண்டே மாதத்தில் "வெடி அக்கா" ஆக்கிவிட்டார்கள்.

எல்லாம் சுதாகரனின் காரால் வந்தது. சுதாகரன் ராகலைக்குப் பக்கத்தில் கல்மேட்டுத் தோட்டத்துப் பையன். பையன் என்கிறேன், முப்பது வயதாகிறது. ஆறு நாள் மரக்கறி லொறி ஓட்டுவான். ஏழாம் நாள் பந்தயக் கார் ஓட்டுவான். கல்மேட்டில் தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து மலை உச்சிக்குப் போகிற தோட்டத்து ரோட்டில், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஒரு மோட்டார் கழகம் மலையேற்றப் பந்தயம் நடத்துகிறது. ஒவ்வொரு காராக ஏறும், நேரத்தைக் குறிப்பார்கள், அவ்வளவுதான்.

கல்மேடு ஆறாயிரம் அடிக்கு மேலே. அங்கே காற்றுக்குக் கனம் போதாது. கொழும்பிலிருந்து வந்தவர்கள் எங்கள் தோட்டத்துப் படிக்கட்டில் மூச்சு வாங்குவது போல எஞ்சினும் மூச்சு வாங்கும். அதற்காகத்தான் நைட்ரஸ் போட்டோம். ஒரு போத்தலில் அடைத்த வாயு. அது எரியும் வாயு இல்லை, எரியவைக்கும் வாயு. கொஞ்சம் கூடுதல் பெட்ரோலோடு சேர்த்து எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாய்க்குள் பீய்ச்சினால், சில விநாடிகளுக்கு எஞ்சின் வேறு எஞ்சினாகிவிடும். ஆனால் நேரமோ அளவோ தப்பினால் எஞ்சினுக்குள் எரிய வேண்டியது அந்தக் குழாய்க்குள்ளேயே எரியும். குழாய் பிளக்கும், பொனட் எழும்பும், பக்கத்தில் நிற்கிறவன் பாடு ஆண்டவன் விட்ட வழி.

மாசிப் பந்தயத்தன்று முதல் தடவை வெடித்தது. கார்களைத் தயார் செய்கிற இடம் தொழிற்சாலை முற்றம். பந்தயம் தொடங்குகிற கோடு அங்கிருந்து ஒரு வளைவு தாண்டி மேலே. முற்றத்தைத் தாண்டிக் காரோடு ஓட்டுநரும் கூட ஒரே ஒரு ஆளும்தான் போகலாம். அந்த ஒரு ஆள் எப்போதும் சுதாகரனின் அப்பா கந்தப்பன். நான் முற்றத்தில் போத்தலின் வால்வைத் திறந்துவிட்டு, மகனை பெல்ட் போட்டுக் கட்டி, அனுப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். போத்தல் பின்சீட்டு இருந்த இடத்தில் இருக்கிறது. பெல்ட் போட்டபின் அவன் கை அதற்கு எட்டாது. கால் மணி நேரம் கழித்து மேலே டமார் என்றது. மலை அதை மூன்று தடவை திருப்பிச் சொன்னது.

நான் ஓடுவதற்குள் காரை முற்றத்துக்கே தள்ளி இறக்கிவிட்டார்கள்; காற்றுக் குழாய் இரண்டாகப் பிளந்திருக்கிறது. எப்படி வெடித்தது என்று கேட்டேன்.

"ஸ்டார்ட்லதாங்க அக்கா வெடிச்சிச்சு" என்றான் சுதாகரன்.

இந்த ஒரு வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. ஸ்டார்ட் என்றால் பந்தயக் கோடு. கோட்டில் வெடித்தது என்றால் எனக்குப் பாடம் எழுதிவைத்த மாதிரி விடை தெரியும். எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது பயல் அவசரப்பட்டு நைட்ரஸ் பொத்தானை அமுக்கியிருக்கிறான். உறிஞ்ச ஆள் இல்லாமல் வாயுவும் பெட்ரோலும் குழாயிலேயே தேங்கியிருக்கின்றன. ஒரு பொறி போதும். பத்து நிமிடம் அவனை நிற்கவைத்துத் திட்டினேன். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், நான் விடவில்லை. நான் பேச ஆரம்பித்தால் அவன் கேட்டுக்கொள்கிற ஆள். அது அவனுடைய குணம், என்னுடைய குறை.

அதன்பிறகு நான் செய்த வேலையை யாரும் குறை சொல்ல முடியாது. எஞ்சின் மூவாயிரத்து ஐந்நூறு சுற்றுக்குக் கீழே இருந்தாலும் ஆறாயிரத்து ஐந்நூறுக்கு மேலே போனாலும் வாயு திறக்காதபடி ஒரு சுவிட்ச் வைத்தேன். மிதியை அடிவரை மிதித்தால் மட்டும் திறக்க இன்னொன்று. பெட்ரோல் அழுத்தம் குறைந்தால் வாயுவையும் நிறுத்திவிட மூன்றாவது, ஏனென்றால் பெட்ரோல் குறைந்து வாயு மட்டும் போனாலும் தீ பின்னால் திரும்பும். சூடு தாங்கும் பிளக் போட்டு இடைவெளியைக் குறைத்தேன். பொறி விழுகிற நேரத்தையும் கொஞ்சம் தள்ளிவைத்தேன். பொல்பிட்டியவில் ஒரு தெரிந்தவரின் கல்லுடைக்கும் யார்டுக்குள் நீளமான தார்ப்பாதை உண்டு. அங்கே நானே இருபது தடவை ஓட்டினேன். கார் ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. இனி வெடித்தால் என் பெயரை மாற்றிக்கொள்கிறேன் என்று சுதாகரனிடம் சொன்னேன்.

சித்திரையில் மறுபடி வெடித்தது. பெயரும் மாறியது.

இந்தத் தடவை பக்கத்தில் நின்ற கந்தப்பனின் நெற்றியில் பிளாஸ்டிக் துண்டு ஒன்று கீறி மூன்று தையல் போட வேண்டியிருந்தது. இரண்டு விரல் கீழே பட்டிருந்தால் கண். அவரை ஏற்றிக்கொண்டு வேன் போனது. மறுபடி எப்படி வெடித்தது என்று சுதாகரனைக் கேட்டேன். ஸ்டார்ட்டில் என்றான், வேறென்ன சொல்வான்.

கந்தப்பன் முப்பது வருடம் தொழிற்சாலை எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். அந்த வளைவில் ஒரு மரத்தடியில் ரோதமுனி இருக்கிறார். தோட்டத்தில் ரோதை என்றால் சுற்றுகிற மெஷின். மெஷின்களைக் காக்கிற சாமி ரோதமுனி. தையல் போட்ட மறுநாளே கந்தப்பன் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். முனிக்கு ஆகாத கை அந்தக் காரில் பட்டிருக்கிறதாம். ஆகாத கை யாருடையது என்று அவர் சொல்லவில்லை, கேட்டவர்களும் கேட்கவில்லை. கார் வேலையைக் கண்டியிலுள்ள ஒரு பாஸிடம் கொடுத்துவிடும்படி மகனிடம் சொல்லியிருக்கிறார்.

அதைவிடப் பெரிய அடி கழகத்திலிருந்து வந்தது. பந்தயக் கார்களைப் பரிசோதிக்கிறவர் மிலான் என்று ஒருவர். ஹட்டன்காரர், நிதானமான மனிதர், என்மேல் மரியாதை உள்ளவர். அவரே கராஜுக்கு வந்து, வைத்த தேத்தண்ணியைத் தொடாமல் சொன்னார்.

"மூணாவது தடவ வெடிச்சா அந்தக் கார் இல்ல, பெற்றீசியா. கையெழுத்துப் போடுற பாஸும் இல்ல."

அதாவது இனி எந்தப் பந்தயத்திலும் எந்தக் காருக்கும் நான் கையெழுத்துப் போட முடியாது. ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை ஒரு பெண் கையெழுத்துப் போட்டால் கார் ஓடலாம் என்று ஆக்கிவைக்க எனக்குப் பதினாறு வருடம் பிடித்திருக்கிறது. அது ஒரு வெடிச்சத்தத்தில் போய்விடுமென்றால் வயிறு எரியாதா? எரிந்தது. ஆனால் பயம் வரவில்லை. என் யார்டில் இருபது தடவை வெடிக்காத கார் அங்கே இரண்டு தடவையும் வெடிக்கிறதென்றால், இங்கே செய்யாத ஏதோ ஒன்றை அங்கே செய்கிறார்கள். அது என்னவென்று கண்டுபிடித்தால் முடிந்தது. ஆனிப் பந்தயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சுதாகரனைக் காரோடு வரச் சொன்னேன்.

இந்தத் தடவை நான் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். வாயை மூடிக்கொள்ள அதைவிட வேறு வழி தெரியாமல் ஒரு துண்டு கறுவாப்பட்டையைக் கடித்துக்கொண்டேன். பந்தயத்தன்று செய்கிற எல்லாவற்றையும் ஒன்று விடாமல் என் முற்றத்தில் செய்துகாட்டு என்றேன். போத்தலைத் திறப்பது போலப் பாவனை மட்டும் செய்தேன். அவன் பெல்ட் போட்டான். காரை மெதுவாக நகர்த்தினான். கேற்றடி கொய்யா மரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணைத்தான்.

"ஏன் நிப்பாட்டுன?" என்றேன்.

"முனி எடங்க அக்கா."

"அங்க எஞ்சின நிப்பாட்டுவியா?"

"முனிக்கு முன்னால ரோத சுத்தக்கூடாதில்ல. பூச முடியுற வரைக்கும் ஃபேக்டரியிலயே எல்லா மெஷினையும் நிப்பாட்டுவாங்களே."

பூசை எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அப்பா தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைக்கப் பத்து நிமிடம் ஆகுமாம். கறுவாப்பட்டையைத் துப்பிவிட்டு, அத்தனை நேரமும் போத்தல் எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"தெறந்துதான் இருக்கும். ஓடி முடிச்சாத்தான் மூடணும்னு நீங்கதான சொன்னீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் சாவியத் திருப்பி ஸ்டார்ட் பண்ணுவேன். அப்பதான வெடிக்குது. மொத நாளே சொன்னேனே அக்கா, ஸ்டார்ட்ல வெடிச்சிச்சின்னு."

பக்கத்தில் கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டேன். அவன் சாவியைச் சொல்லியிருக்கிறான், நான் கோட்டைக் கேட்டிருக்கிறேன். இரண்டு மாதமாக நான் பூட்டிய சுவிட்ச் எல்லாம் நல்ல சுவிட்ச்தான். ஆனால் திருடன் வேறு வாசலால் வந்துகொண்டிருந்தான். பந்தயக் கோடு வரை கார் போகவே இல்லை.

ஆனாலும் ஒரு கணக்கு இடித்தது. போத்தல் திறந்திருந்தாலும், குழாய்க்கு முன்னால் மின்சார வால்வு ஒன்று இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் மட்டும்தான் அது வழிவிட வேண்டும். பத்து நிமிடம் என்ன, பத்து நாள் நின்றாலும் ஒரு துளி வாயு கசியக்கூடாது. வால்வுக்கு அப்பால் உள்ள குழாயைக் கழற்றி ஒரு கிளாஸ் தண்ணீருக்குள் விட்டு, போத்தலைத் திறந்துவிட்டுக் காத்திருந்தேன். ஒரு குமிழி வந்தது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. எஞ்சின் ஓடும்போது இதை அது விழுங்கிவிடும், யாருக்கும் தெரியாது. நின்ற எஞ்சினுக்குள் பத்து நிமிடம் சேர்ந்தால், சாவியைத் திருப்பும்போது விழுகிற முதல் பொறிக்கு அது போதும்.

வால்வைப் பிரித்தேன். உள்ளே அடைப்பு உட்காருகிற இடத்தில் வெள்ளையாக ஒரு நூல் சிக்கியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை டேப். கசியாமல் இருக்கட்டும் என்று நான்தான் மூட்டுக்களில் சுற்றினேன். எங்கள் மலையில் எது கசிந்தாலும் அதைத்தான் சுற்றுவோம். அதில் ஒரு பிசிறு பிய்ந்து வால்வுக்குள் போய், அதை முழுதாக மூடவிடாமல் பிடித்திருக்கிறது. கசியாமல் இருக்கச் சுற்றியதே கசியவைத்திருக்கிறது. நைட்ரஸ் குழாயில் அந்த டேப் ஆகாது என்று எங்கோ படித்தும் இருக்கிறேன். வெட்கமாக இருந்தது. கந்தப்பனின் மூன்று தையல் என் கண்முன் வந்து நின்றது.

டேப்பை எல்லாம் உரித்து மூட்டுக்களைச் சுத்தமாக்கி, புது வால்வும் அதற்கு முன்னால் சல்லடையும் போட்டேன். மறுபடி கிளாஸில் விட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். குமிழி இல்லை. பிசிறை ஒரு தீப்பெட்டிக்குள் போட்டுக்கொண்டு, மறுநாள் காலையில் ஹட்டனுக்கும் அங்கிருந்து நுவரெலியாவுக்கும் அங்கிருந்து ராகலைக்குமாக மூன்று பஸ் மாறினேன்.

முதல் பஸ்ஸில் ஏறும்போது எனக்கு இன்னொரு எண்ணமும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேப் விஷயம் சுதாகரனுக்குக்கூடத் தெரியாது; அவன் லொறிக்குப் போனபிறகுதான் வால்வைப் பிரித்தேன். பூசைக்கு எஞ்சினை நிறுத்தியதால்தான் வெடித்தது, குற்றம் உங்கள் பக்கம் என்று கிழவரிடம் சொன்னால் முழுப் பொய்யும் ஆகாது. ஆகாத கை என்று சொன்னவருக்கு அது வேண்டும். நானுஓயா வரை அந்த எண்ணம் இனிப்பாகவே இருந்தது. அதற்குப் பிறகு வாயில் கசந்தது. என் கை நல்ல கை என்று நிரூபிக்கப் போகிறவள், கை செய்ததை மறைத்தால் அது என்ன கை?

கந்தப்பன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நான் தீப்பெட்டியைத் திறந்து அவர் கையில் வைத்தேன். முதலில் என் தப்பைச் சொன்னேன், பிறகு போத்தலைச் சொன்னேன், கடைசியாகப் பூசையைச் சொன்னேன். முப்பது வருடம் எஞ்சின் ரூமில் இருந்தவருக்கு வால்வைப் பற்றி இரண்டாவது தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை. பிசிறை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப முனி கோவிச்சுக்கலையா?" என்றார்.

"எதுக்குங்க கோவிக்கணும்? எஞ்சின நிப்பாட்டி வச்சு, கசியுதுன்னு காட்டிக் குடுத்திருக்கு. நீங்க நிப்பாட்டலன்னா இந்த வால்வு என்னைக்காச்சும் மேல கொண்டைஊசி வளைவுல, கால எடுக்குறப்ப மூடாமப் போயிருக்கும். அங்க வெடிச்சா ஒங்க மகன் பள்ளத்துல."

அது அவரைச் சமாதானப்படுத்தச் சொன்னதில்லை. உண்மை. ஆனாலும் அவர் முகம் இறுகியது. இனிமேல் முனிக்கு முன்னால் எஞ்சினை ஓடவிடச் சொல்வதற்கு வந்திருக்கிறேனா என்று கேட்டார். உயிரே போனாலும் அது நடக்காது என்றார்.

"ஓட வேணாங்கய்யா. ரோத நிக்கணும்னா எல்லாமே நிக்கணுமில்லீங்களா? இவ்வளவு நாளும் எஞ்சின் நின்னிச்சி, போத்தல் நிக்கல. அதையும் நிப்பாட்டுங்க."

கந்தப்பன் தையலைத் தடவிக்கொண்டார். பிறகு உள்ளே திரும்பி, வந்தவர்களுக்குத் தேத்தண்ணி வைக்கச் சொன்னார். தீப்பெட்டியைத் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனிப் பந்தயத்தன்று மிலானிடம் எல்லாவற்றையும், டேப் உட்பட, எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். வளைவு வரை நானும் போகலாம், ஆனால் ஒரு நிபந்தனை என்றார். பூசைக்குப் பிறகு சாவியை நான்தான் திருப்ப வேண்டும். நான் இருக்க வேண்டிய இடம் அதுதான் என்றேன்.

வளைவில் கூட்டம் சேர்ந்திருந்தது. பந்தயம் பார்க்க வந்தவர்களைவிட வெடி பார்க்க வந்தவர்கள் அதிகம். சிறுசுகள் இப்போதே காதில் விரல் வைத்திருந்தன. மரத்தடியில் கார் நின்றதும் சுதாகரன் எஞ்சினை அணைத்தான். கந்தப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து உள்ளே குனிந்து, போத்தலின் வால்வைத் தன் கையாலேயே இறுக்கி மூடினார். குழாயில் மிச்சமிருந்த வாயுவை நான் வெளியே விட்டேன். உஸ் என்று வெள்ளையாக ஒரு புகை எழுந்து தேயிலைப் பக்கம் போனது. அதன்பிறகுதான் தேங்காய் உடைந்தது. கந்தப்பன் அவசரப்படவில்லை. அன்று பன்னிரண்டு நிமிடம் ஆனது.

பூசை முடிந்ததும் சுதாகரனை இறக்கிவிட்டு நான் ஏறினேன். பிளக்குகளுக்குப் போகிற மின்சாரத்தைக் கழற்றி, மிதியை அடிவரை மிதித்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் சும்மா சுற்றவிட்டேன். உள்ளே ஏதாவது தங்கியிருந்தால் பொறி இல்லாமல் வெளியே போய்விடும். மின்சாரத்தை மறுபடி மாட்டச் சொன்னேன். மிலான் தீயணைப்புக் கருவியோடு பக்கவாட்டில் நின்றார். எல்லோரையும் பொனட்டுக்கு முன்னாலிருந்து விலக்கினேன். கந்தப்பன் மட்டும் விலகாமல் என் கதவடியிலேயே நின்றார். தள்ளி நில்லுங்கள் என்றேன்.

"நீங்க ஸ்டார்ட் பண்ணுங்கம்மா" என்றார்.

திருப்பினேன். எஞ்சின் பிடித்தது. தும்மல் இல்லை, இருமல் இல்லை, மரத்தடியில் நின்றபடி சீராக ஓடிக்கொண்டிருந்தது. காதில் விரல் வைத்திருந்த ஒரு சிறுமி விரலை எடுத்துவிட்டு, வெடிக்கலையே என்று தாயிடம் குறைப்பட்டாள். எனக்கு அழுகை வந்தது. அதைக் காட்ட மனமில்லாமல் அமுக்கமானியைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன். கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தி, சுதாகரனை ஏற்றிக் கட்டி, போத்தலைத் திறந்துவிட்டேன். அவன் கோட்டுக்குப் போனான். கொடி விழுந்தது. இரண்டாவது வளைவு தாண்டியதும் நைட்ரஸ் திறந்த சத்தம் எனக்கு மட்டும் தெரிந்தது. மூன்றாம் இடம். இரண்டு பந்தயமாகக் கோட்டையே காணாத காருக்கு அது போதும், அடுத்ததில் முதலாவது வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

மிலான் படிவத்தை நீட்டினார். எஞ்சினுக்குப் பொறுப்பு என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

கீழே இறங்கும்போது முனி மரத்தடியைக் கடந்துதான் போக வேண்டும். உடைத்த தேங்காயும் எலுமிச்சம்பழமும் குங்குமமும் இருந்தன. அவற்றுக்கு நடுவே, முனியின் கல்லில் சாய்த்துவைத்தபடி, என் தீப்பெட்டி. அதன் மேலும் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். பின்னால் கந்தப்பன் வந்துகொண்டிருந்தார். என் தப்பைக் கொண்டுபோய் ஊர் பார்க்கச் சாமிக்கு முன்னால் வைக்கலாமா என்று கேட்டேன்.

"மறைக்காமக் கொண்டாந்து குடுத்தீங்களே, அதத்தான் வச்சேன்" என்றார் கந்தப்பன். "முனிக்கு ஆகுற கை அது."